குளிர்ந்த எஞ்சினின் முதல் நிமிடம்

காரை இரவு கராஜில் விட்டுவிட்டுப் போகச் சொன்னால் பலருக்கு முகம் கறுத்துவிடும். "ஒரு சின்னச் சத்தம்தானே அண்ணை, இப்பவே கேட்டுச் சொல்லுங்கோவன்" என்பார்கள். போன மாசியில் வந்த பெடியனும் அதையேதான் சொன்னான். ஸ்காபரோத் தெருக்கள் உப்பில் வெளுத்துக் கிடந்த ஒரு பின்னேரம். அவன் கொண்டுவந்தது இரண்டு கிழமைக்கு முன்னர் வாங்கிய டொட்ஜ் சலேஞ்சர் ஆர்/டி. 2013ஆம் ஆண்டு மொடல், 5.7 லீற்றர் ஹெமி எஞ்சின், மீற்றரில் 164,000 கிலோமீற்றர்.

"சத்தம் எப்ப துவங்கினது தம்பி?"

"வாங்கேக்கயே கொஞ்சம் இருந்தது அண்ணை. ஹெமி எண்டா உப்பிடித்தான் அடிக்கும், பயப்பிட வேண்டாம் எண்டு வித்தவர் சொன்னவர்."

"நீர் பாக்கப் போகேக்க எஞ்சின் குளிராக் கிடந்ததோ?"

"இல்லை, ஓடிக்கொண்டு நிண்டது. உங்களுக்காகச் சூடாக்கி வச்சிருக்கிறன் எண்டார்."

திறப்பை வாங்கி ஆணியில் கொழுவினேன். காரை உள்ளே எடுக்காமல் வெளியே பனியிலேயே விட்டேன். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னேன். அதுவரை அதை ஒருவரும் ஸ்ராட் பண்ணக்கூடாது என்று உதவிக்கு நிற்கும் தம்பியிடமும் சொல்லிவைத்தேன்.

ரொறன்ரோவில் கார் திருத்துகிறவனுக்குச் சலேஞ்சர் வெளியூர்க் கார் அல்ல. மசில் கார் என்ற வழி அமெரிக்காவில் பிறந்தது: நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய வி8 எஞ்சினை இறக்கி, உழைக்கிற சனமும் வாங்கக்கூடிய விலைக்கு விற்பது. 1964இல் வந்த பொன்ரியாக் ஜிடிஓ அந்த வழியைப் பிரபலமாக்கியது. முதல் சலேஞ்சர் 1970ஆம் ஆண்டு மொடலாக வந்து 1974இல் நின்றுபோனது. பிறகு 2008இல் அது திரும்பப் பிறந்தது எங்கள் பக்கத்தில், பிரம்டன் தொழிற்சாலையில். 2023 டிசம்பரில் கடைசிக் கார் இறங்கும்வரை அங்கேதான் செய்தார்கள். எஞ்சின் மெக்சிக்கோவின் சல்ரில்லோவிலிருந்து வந்தது. அடித்தளத்திலும் 2014 வரையான ஐந்து கியர்ப் பெட்டியிலும் மெர்சிடிஸின் கை இருக்கிறது. டைம்லரும் கிறைஸ்லரும் ஒரே கொம்பனியாக இருந்த 1998 முதல் 2007 வரையான காலம் விட்டுச்சென்ற சொத்து அது.

இந்தக் காரை எனக்குப் பிடிக்கும். ஏறத்தாழ 375 குதிரை வலு, நீண்ட மூக்கு, திருத்துகிறவன் கைபோட இடம் விட்டிருக்கும் எஞ்சின் அறை. புதிதாக எட்ட முடியாத விலையில் நின்றது பழையதாகிக் கைக்கெட்டும்போது, இருபது இருபத்தைந்து வயதுப் பெடியங்கள் கடனெடுத்து வாங்குகிறார்கள். வாங்குகிற அன்றே கையில் உள்ளது முழுவதையும் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் என்னிடம் வரும்போது திருத்தக் காசில்லை. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஹெமி எஞ்சினில் "டிக் டிக்" என்று சத்தம் கேட்கிறது என்று பத்துப்பேர் வந்தால், அது குறைந்தது மூன்று வேறு விடயங்களாக இருக்கலாம். எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் இயல்பாகவே மெல்லத் தட்டும். தையல் மெஷின் தூரத்தில் ஓடுவதுபோன்ற அந்தச் சத்தம் எல்லா எஞ்சினிலும் உண்டு, செலவு இல்லை. "ஹெமி எண்டா உப்பிடித்தான்" என்ற பேச்சு இதிலிருந்து பிறந்தது. அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தானது. மற்றப் பாதியில் இரண்டு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்குச் செலவு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு டொலர். மற்றதற்கு ஆறாயிரம்.

முதலாவது, எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட். புகையை எஞ்சினிலிருந்து வெளியே கொண்டுபோகும் இந்தக் கூட்டுக் குழாய் இரும்பு. அது பொருத்தப்பட்டிருக்கும் எஞ்சினின் தலை அலுமினியம். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது 8 மில்லிமீற்றர் உருக்குப் போல்ட்டுகள். சூட்டில் மூன்றும் மூன்று அளவில் விரியும். குளிரில் மூன்று அளவில் சுருங்கும். கனடாவில் ஒரு மாரி காலத்தில் எத்தனை தரம் இப்படி விரிந்து சுருங்கும் என்று எண்ணிப் பாருங்கள். எஞ்சினின் பின்முனையில், கை புக முடியாத இடத்தில் இருக்கிற போல்ட்தான் பெரும்பாலும் முதலில் முறியும். முறிந்தால் அந்த மூலையில் மயிரளவு இடைவெளி திறக்கும். எஞ்சின் குளிராக இருக்கையில் புகை அதனூடாகத் துடித்துத் துடித்துப் பாயும். அதுதான் டிக் டிக். ஐந்து, பத்து நிமிடத்தில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். சத்தம் தேய்ந்து மறையும்.

இரண்டாவது, லிஃப்டர். ஹெமியில் கேம் தண்டு எஞ்சினின் நடு வயிற்றில், வி வடிவத்தின் இடுக்கில் படுத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு புடைப்பின்மேலும் ஒரு லிஃப்டர் உருண்டு ஏறி இறங்கி, நீண்ட கம்பியொன்றைத் தள்ளி வால்வைத் திறக்கிறது. லிஃப்டரின் அடியில் சின்ன உருளை ஒன்று உண்டு. உருளைக்குள் ஊசி ஊசியான பெயரிங்குகள். அந்த ஊசிகளில் ஒன்று தேய்ந்து உருளை சுற்றாமல் நின்றால், அது அரம்போலக் கேமின் புடைப்பை அராவத் தொடங்கும். அராவிய இரும்புத்தூள் ஒயிலோடு கலந்து எஞ்சின் முழுக்கச் சுற்றும். இந்தச் சத்தம் சூட்டில் அடங்காது. சிலவேளை எஞ்சின் நன்றாகச் சூடேறி ஒயில் மெலிந்த பிறகுதான் தெளிவாகவே கேட்கும்.

ஆகவே சத்தத்தைக் கேட்பது மட்டும் போதாது. குளிரில் தொடங்கிச் சூடேறும்வரை அது எப்படி மாறுகிறது என்பதைக் கேட்கவேண்டும். விற்கிறவர் எஞ்சினை முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் அந்த மாற்றத்தை நாங்கள் இழந்துவிடுகிறோம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்தாரோ, மாரியில் உபசாரமாகச் செய்தாரோ, எங்களுக்கு நட்டம் ஒன்றுதான்.

கேட்கப் பழகியது யாழ்ப்பாணத்தில், மாமாவின் கராஜில். தொண்ணூறுகளின் தொடக்கம், பொருளாதாரத் தடை. பெற்றோல் கிடையாது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஏ40யும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவோம். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். மண்ணெண்ணெய்க்குப் பெற்றோலின் பொறுமை இல்லை. அமுக்கத்திலேயே நேரம் தவறிப் பற்றும், எஞ்சினுக்குள் சுத்தியல் தட்டுவதுபோலக் கேட்கும். அந்தத் தட்டலுக்குள் உண்மையான பழுதின் சத்தத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். மாமா நீண்ட ஸ்குரூ டிறைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடுவார். பிறகு என்னிடம் தருவார். "கேக்கிற சத்தத்தை எல்லாம் ஒண்டு ஒண்டாக் கழி. மிஞ்சி நிக்கிறதுதான் பழுது" என்பார். பதினைந்து வயதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வருடம் போனபிறகு ஒருநாள், ஒஸ்ரின் ஒன்றின் தண்ணீர்ப் பம்பின் பெயரிங் தனியாக முனகுவது கேட்டது. கைகால் எல்லாம் சிலிர்த்தது. இங்கே வந்து படித்து கார் மெக்கானிக்குக்கான 310எஸ் அனுமதிப்பத்திரம் எடுத்தேன். இப்போது மெக்கானிக்குகளுக்கான ஸ்டெதஸ்கோப் இருக்கிறது, கணினி இருக்கிறது. ஆனாலும் கழித்துக் கழித்துக் கேட்பது மாமா சொல்லித்தந்தபடிதான்.

அந்தக் காதை நம்பி நான் ஒருமுறை பெரிய பிழை விட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

லொறி ஓட்டுகிற ஒருவர் 2012 ஆர்/டி ஒன்றைக் கொண்டுவந்தார். குளிரில் கேட்டேன், வலது பக்கம் டிக் டிக். ரப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து மறு நுனியை மனிஃபோல்ட்டின் ஓரமாக நகர்த்தினேன். பின்முனையில் புகை துடிப்பது தெளிவாகக் கேட்டது. கரிப் படிவும் இருந்தது. போல்ட் முறிந்திருந்தது. திருத்தினேன், 940 டொலர் வாங்கினேன். சத்தம் பெரும்பகுதி போனது. "கொஞ்சம் இருக்குதண்ணை" என்றார். இன்ஜெக்டர் என்றேன். ஒன்பது கிழமை கழித்துக் கார் துள்ளித் துள்ளி வந்தது. எஞ்சின் விளக்கு எரிந்தது, ஆறாவது சிலிண்டர் சரியாகப் பற்றவில்லை என்று கணினி காட்டியது. வால்வு மூடியைக் கழற்றினால் அந்தச் சிலிண்டரின் வால்வு பாதிகூடத் திறக்கவில்லை. லிஃப்டர் கேமைத் தின்றுவிட்டது. நான் முதலில் பார்த்த அன்றே இரண்டு பழுதும் அங்கே இருந்திருக்கின்றன. ஒன்றைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிட்டேன். இரண்டாம் வேலைக்கு உதிரிப்பாகக் காசை மட்டும் வாங்கினேன், கூலி வாங்கவில்லை. வாங்க மனம் வரவில்லை.

அன்றிலிருந்து எந்த ஹெமி சத்தத்தோடு வந்தாலும், காரணம் கண்டுபிடித்த பிறகும், ஒயில் ஃபில்டரைக் கழற்றி அரிந்து பார்க்கிறேன். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை விரித்து, வெயிலில் பிடித்தால் தெரிந்துவிடும். தாளில் மினுமினுப்பு இருந்து, காந்தத்தில் அந்த மினுமினுப்பு ஒட்டினால் அது இரும்பு. பத்து நிமிட வேலை. காரை வாங்குமுன் எந்த மெக்கானிக்கிடமும் ஒயில் மாற்றச் சொல்லி, பழைய ஃபில்டரை அரிந்து காட்டச் சொல்லலாம். விற்பவர் சம்மதித்தால் நூறு டொலரில் எஞ்சினின் உள்ளே எட்டிப் பார்த்த மாதிரி.

லிஃப்டர் ஏன் போகிறது என்பதில் மெக்கானிக்குகளிடம் ஒரே கருத்து இல்லை. பலர் நான்கு சிலிண்டர் ஓய்வு முறையைக் குற்றம் சொல்வார்கள். வேகவீதியில் சீராக ஓடும்போது எரிபொருளை மிச்சம்பிடிக்க 1, 4, 6, 7ஆம் சிலிண்டர்கள் நின்றுவிடும். அந்த நான்கிலும் விசேட லிஃப்டர்கள் இருக்கின்றன. கையால் கியர் மாற்றும் 5.7 சலேஞ்சரில் இந்த முறையே இல்லை. ஆனால் சாதாரண லிஃப்டரும் தேய்ந்து வந்ததைக் கண்டிருக்கிறேன். என் அனுபவத்தில் பெரிய எதிரி, கார் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவது. கேம் உயரத்தில் இருக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கீழிருந்து ஒயில் அவ்வளவாகத் தெறித்து வராது. எங்கள் ஊர்ப் பழக்கமோ, ரிமோட் ஸ்ராட்டரை அழுத்திவிட்டு தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை காரை முற்றத்தில் ஓட விடுவது. வருடத்தில் ஐந்து மாதம், ஒரு நாளைக்கு இருபது நிமிடம். சூடாகிற இருக்கைக்காக லிஃப்டரைப் பலிகொடுக்கிறோம். அரை நிமிடம் ஓடவிட்டு மெதுவாகப் புறப்படுங்கள்; ஓடும்போதுதான் எஞ்சின் ஒழுங்காகச் சூடேறும். ஒயில் 5டபிள்யூ-20, ஏறத்தாழ 6.6 லீற்றர். ஒயில் மாற்றக் காரின் புத்தகம் கூடிய தூரத்துக்கு இடம் தந்தாலும், என் வாடிக்கையாளர்களுக்கு 8,000 கிலோமீற்றரில் மாற்றச் சொல்கிறேன். பெற்றோல் 89 ஒக்ரேன் போடச் சொல்கிறேன். 87லும் ஓடும், ஆனால் மண்ணெண்ணெய்த் தட்டலைக் கேட்டு வளர்ந்த எனக்கு அதில் மனம் ஒப்பாது.

பெடியனின் காருக்கு வருகிறேன். காலையில் மறை 14 பாகை. அவன் வந்து நின்றான். பொனற்றைத் திறந்துவைத்து, ஸ்ராட் பண்ணச் சொன்னேன். முதல் நிமிடத்தில் வலது பக்கம் டிக் டிக். குழாயை மனிஃபோல்ட் ஓரம் முழுக்க நகர்த்தினேன். எங்கும் புகை துடிக்கவில்லை. கரியும் இல்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். சத்தம் குறையவில்லை, இன்னும் கூர்மையானது. ஸ்டெதஸ்கோப்பை வால்வு மூடியின் நடுவில் வைத்தபோது எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஃபில்டரை அரிந்தேன்; மினுங்கியது. மூடியைக் கழற்றி, டயல் கேஜை வைத்து எஞ்சினைக் கையால் சுற்றி வால்வை அமுக்கும் ரொக்கர் ஒவ்வொன்றும் எவ்வளவு உயர்கிறது என்று அளந்தேன். நாலாம் சிலிண்டரில் ஒன்று மற்றவற்றைவிட ஒரு மில்லிமீற்றர் குறைவாக உயர்ந்தது. அந்த ஒரு மில்லிமீற்றர் இரும்பு எஞ்சினுக்குள் கரைந்துபோயிருந்தது.

இந்த வேலை ஏன் அவ்வளவு செலவு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஹெமியில் லிஃப்டரை மேலாலே உருவ முடியாது. இரண்டு தலைகளையும் கழற்றவேண்டும். தலையைக் கழற்ற, மேலேயுள்ள இன்ரேக்கும் பக்கத்திலுள்ள மனிஃபோல்ட்டுகளும் கழற வேண்டும். மனிஃபோல்ட் என்றால் மறுபடி அந்தப் பழைய போல்ட்டுகள். கழற்றும்போது இரண்டு மூன்று முறியும். முறிந்த துண்டின் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பண்ணி, சூடு ஆறும்போது மெதுவாக அசைத்து அசைத்து எடுக்கவேண்டும். அவசரப்பட்டுத் துளைத்தால் துரப்பணம் மெதுவான அலுமினியத்துக்குள் வழுக்கிப் போய்த் தலையே கெட்டுவிடும். கேம் முன்பக்கமாக உருவப்படும். அதற்கு றேடியேற்றரும் தண்ணீர்ப் பம்பும் சங்கிலி மூடியும் வெளியே வரவேண்டும். பிறகு 16 லிஃப்டர், கேம், தலை கஸ்கெட்டுகள், புதிய தலைப் போல்ட்டுகள். பழைய போல்ட்டுகளை நான் மறுபடி பூட்டுவதில்லை. உதிரிப்பாகம் 2,400 முதல் 2,800 டொலர் வரை; என் கராஜில் கூலி மணிக்கு 120 டொலராக இருபது மணித்தியாலம்; அதற்குமேல் 13 வீத வரி. ஆறாயிரத்தை ஒட்டி நிற்கும். எட்டாயிரத்தைத் தாண்டிய மதிப்பீட்டுத் தாள்களோடும் என்னிடம் ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஒரு லிஃப்டரை மட்டும் மாற்றித் தா என்று கேட்டால் நான் செய்வதில்லை. அத்தனையையும் கழற்றிவிட்டு மற்றப் பதினைந்தையும் பழையதாக உள்ளே மூடிவைப்பதற்கு என் கை வராது.

மற்றப் பழுதுகள் இதோடு ஒப்பிட்டால் சில்லறை. ஆனால் சேர்த்தால் அதுவும் ஒரு தொகை.

ஹெமியில் ஒரு சிலிண்டருக்கு இரண்டாகப் பதினாறு பிளக்குகள். முந்தியவர் எட்டோடு நிறுத்திவிட்ட கார்களும் வருகின்றன. முழுதும் மாற்ற 400 டொலர் அளவில் முடியும். தண்ணீர்ப் பம்பு ஒழுகினால் 700, 800. அந்த ஒழுகலைப் பொருட்படுத்தாமல் ஓடிச் சூடேற்றினால் வேறு கதை. ஹெமிக்குச் சூடு ஆகாது.

தானாக மாறும் கியர்ப் பெட்டியில் இரண்டு தலைமுறை. 2014 வரையுள்ள ஐந்து கியர்ப் பெட்டி உறுதியானது. அதன் பக்கத்தில் 13 ஊசியுள்ள மின் பிளக் ஒன்று நுழைகிறது. அதிலுள்ள ஓ-ரிங் காய்ந்தால் ஒயில் சொட்டும். 200 டொலரில் தீரும். அளவு பார்க்கும் கம்பிகூட அதில் கிடையாது, தனிக் கருவி வேண்டும். அதனால் ஒருவரும் பார்ப்பதில்லை, வருடக்கணக்காகச் சொட்டிச் சொட்டிப் பெட்டி வரண்டு, கியர் நழுவும்போதுதான் வருகிறார்கள். 2015 முதல் வந்த எட்டு கியர்ப் பெட்டி ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் வடிவமைப்பு. ஓட்ட அருமையானது. அதன் ஒயில் வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். பெட்டியை வடிவமைத்த இசட்எஃப் 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் இசட்எஃப் சொல்வதைக் கேட்கிறேன். ஃபில்டர் பிளாஸ்ரிக் தட்டோடு சேர்ந்தே வரும். வேலை முடிய 750 டொலர் ஆகும்.

முன்பக்கம் பார்க்காமல் வாங்காதீர்கள். 1,900 கிலோவை நெருங்கும் கார். பிரேக் பிடிக்கும்போது அந்தப் பாரத்தின் பெரும்பகுதி முன்சில்லுகளைத் தாங்கும் கைகளின் ரப்பர் புஷ்ஷில் விழுகிறது. புஷ் வெடித்தால் நூறு கிலோமீற்றர் வேகத்தில் பிரேக்கை அமுக்கும்போது ஸ்ரியரிங் நடுங்கும். வேகத்தடையில் "தட்" என்று ஒரு அடி. இரண்டு பக்கமும் மாற்றி, சில்லு நேர்ப்படுத்த 900 டொலர் வரை.

பற்றரி இந்தக் காரில் பொனற்றுக்குள் இல்லை. பின்னால் டிக்கிக்குள் இருக்கிறது. டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். பின்விளக்கின் ஓரத்தால் தண்ணீர் இறங்கியிருந்தால் அங்கே துரு காட்டிக்கொடுக்கும். பிறகு குனிந்து, பின்சில்லு வளைவின் உள்விளிம்பை விரலால் தடவுங்கள். ஒன்ராறியோ உப்பு அங்கேதான் குடியிருக்கும். விரல் நுனியில் இன்னொன்றும் தட்டுப்படலாம்: உருகி ஒட்டிய கறுப்பு ரப்பர்த் துணிக்கைகள். நின்ற இடத்தில் ரயரைச் சுற்றிப் புகை எழுப்பி விளையாடிய காருக்கு அதுதான் சாட்சி. அந்த விளையாட்டின் விலையைக் கியர்ப் பெட்டியும் பின் அச்சும் கொடுத்திருக்கும்.

3.6 லீற்றர் வி6 எஞ்சினோடு வரும் சலேஞ்சரும் நிறைய உண்டு. அதிலும் டிக் டிக் கேட்கும், அது ரொக்கரின் உருளை. எஞ்சினின் நடுவிலிருக்கும் பிளாஸ்ரிக் ஒயில் ஃபில்டர் கூடு வெடித்து ஒழுகுவதும் வழமை. ஆயிரம் டொலருக்குச் சற்று மேலே போகும்.

2011 முதல் 2014 வரையுள்ள கார்களில் மின்சாரம் தரும் ஒல்ரனேற்றர் ஓட்டத்திலேயே செயலிழக்கலாம் என்று கொம்பனியே திருப்பி அழைத்தது. காரின் அடையாள இலக்கத்தைக் கொடுத்தால், அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று டீலர் காசில்லாமல் பார்த்துச் சொல்வார்.

"சேஃப்டி"யைப் பற்றி ஒரு சொல். ஒன்ராறியோவில் பழைய காரை உங்கள் பேரில் பதிந்து வீதியில் ஓட்டச் சேஃப்டிச் சான்றிதழ் வேண்டும். அது 36 நாளுக்குச் செல்லும். எங்கள் சனம் அதை உத்தரவாதம்போல எண்ணிக்கொண்டிருக்கிறது. அது பார்ப்பது பிரேக், ஸ்ரியரிங், ரயர், விளக்கு, அடிப்பாகம் போன்றவற்றை. எஞ்சின் ஆரோக்கியமா, கியர்ப் பெட்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது. லிஃப்டர் கேமைத் தின்றுகொண்டிருக்கும் கார் சேஃப்டியில் முறைப்படி தேறும். நானே நேர்மையாகக் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டி வரும். பெடியனின் காரும் சேஃப்டியோடுதான் வந்தது. தனியாரிடம் வாங்கினால் 13 வீத வரியைப் பதியும்போது கட்டவேண்டும் என்பதும் பலருக்கு அன்றைக்குத்தான் தெரியவருகிறது. நீங்கள் கொடுத்த விலை, அரசு பார்க்கும் விலைப் புத்தகத்தின் மொத்த வியாபார விலை, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் வரி. டீலரிடம் வாங்கினால், கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறித் திருப்பிக் கொடுக்க ஒன்ராறியோவில் அவகாசம் எதுவும் கிடையாது.

என்னிடம் ஒருவர் பழைய ஹெமி வாங்கலாமா என்று கேட்டால், வாங்கும் விலைக்குமேல் ஐயாயிரம் டொலர் கையில் இருக்கிறதா என்று கேட்பேன். இருந்தால் வாங்கட்டும். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் சேர்க்கட்டும், அல்லது ஐயாயிரம் குறைந்த விலையுள்ள ஒன்றைப் பார்க்கட்டும். நல்ல கார்களும் வருகின்றன. 290,000 கிலோமீற்றர் ஓடிய 2010 மொடல் ஒன்று, முதல் சொந்தக்காரரிடமே இருப்பது, வருடத்துக்கு இரண்டு தரம் ஒயில் மாற்ற என்னிடம் வருகிறது. அதன் ஃபில்டரையும் அரிந்து பார்த்தேன். தாள் வெறும் கறுப்பு, மினுக்கமே இல்லை. ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டுகள் அத்தனையும் அவர் ஒரு பிஸ்கற் பெட்டியில் வைத்திருக்கிறார். கார் வாங்கப் போனால் பூச்சின் மினுக்கத்தைப் பார்க்குமுன் அந்த மாதிரிப் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பெடியனிடம் கணக்கைச் சொன்னபோது அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் காரைச் சுற்றி நடந்தான். "ஓடினா என்ன ஆகும் அண்ணை?" என்றான். ஓடினால் இரும்புத்தூள் மற்றப் பெயரிங்குகளுக்கும் போகும், பிறகு இந்த ஆறாயிரம் போதாது, எஞ்சினையே மாற்றவேண்டி வரும் என்றேன். கார் என் கராஜின் பின்னால் மூன்றரை மாதம் நின்றது. பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்து, மாதாமாதம் காசு கொண்டுவந்து தந்தான். சனிக்கிழமைகளில் வந்து பக்கத்தில் நின்று கருவி எடுத்துத் தந்தான். போல்ட் கழற்றினான், தலையின் முகப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தான். அந்தக் கூலியைக் கழித்தேன். கழற்றிய கேமை அவன் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். ஆனி மாதம் முதல் தரம் ஸ்ராட் பண்ணியபோது அவனைத்தான் திறப்பைப் போடச் சொன்னேன். நான் பொனற் பக்கம் நின்று கேட்டேன். இன்ஜெக்டர்களின் மெல்லிய சத்தம் மட்டும்.

பழைய மசில் கார் பார்க்கப் போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். விற்கிறவரோடு கதைக்கத் தொடங்குமுன், ஸ்ராட் பண்ணுமுன், பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குக் காசு கொடுக்க வேண்டாம். நாளைக்குக் காலமை வாறன், அதுவரை ஓடாதேங்கோ என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.